தீப்பெட்டி லேபிளை ஏலம் போட்டு விற்கலாமா? ஈபேயில் என் இரண்டரை வருட அனுபவம்

"அக்கா, பழைய தீப்பெட்டிப் படத்த வெளிநாட்டுக்கு விக்கிறீங்களாமே, நாங்களும் செய்யலாமா?" என்று சிவகாசியில் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். செய்யலாம். ஆனால் என்ன பொருளை விற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஈபே என்கிற அதே இணைய ஏலத் தளம் சோறு போடும், இருக்கிற காசையும் கரைக்கும். 2023 ஜூலையில் தொடங்கினேன். இதுவரை முந்நூற்றுச் சொச்சம் ஏலம் முடித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு நீள நோட்டில் கணக்கு இருக்கிறது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா இங்கே ஒரு லித்தோ அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். கல்லில் படம் வரைகிற வேலை. தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், பின்னால் காலண்டர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து 1923-இல் இங்கே தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும், லேபிள் என்றால் அச்சகம் வேண்டும். எங்கள் ஊரில் அச்சுத் தொழில் வேர் விட்டது அப்படித்தான். மெஷினிலிருந்து நல்ல தாள் வந்ததும் அப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வார். மற்ற அச்சகத்து நண்பர்களிடம் மாற்றிக்கொள்வதும் உண்டு. அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் ஒன்பது ஆல்பம் கிடைத்தது. ஒரே லேபிள் எட்டு, பத்துப் பிரதி என்று கட்டுக்கட்டாகத் தனியே வேறு இருந்தன.

பழைய பேப்பர் எடுக்கிற அண்ணாச்சி ஒருவர் வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தமா மூவாயிரம் தாரேன் தாயி" என்றார். அவர்மேல் குற்றமில்லை. அவர் தொழிலில் அதுதான் விலை. எனக்கும் வேறு விலை தெரியாது. அந்த 'தெரியாது' என்பதுதான் என்னை ஏலத்துக்குக் கொண்டுபோனது. விலை தெரிந்த பொருளை ஏலம் விடுவதில் பெரிய லாபம் இல்லை. விலை போட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். யார் வாங்குவார், என்ன கொடுப்பார் என்று உங்களுக்கே தெரியாத பொருளுக்குத்தான் ஏலம் சரியான வழி. வாங்குகிறவர்களே விலையைச் சொல்லிவிடுவார்கள்.

ஈபே இந்தியாவில் ஒரு காலத்தில் இருந்தது. 2004-இல் பாஸி.காம் என்ற இந்திய ஏலத் தளத்தை வாங்கி உள்ளே வந்தார்கள். 2017-இல் அந்த வியாபாரம் ஃபிளிப்கார்ட் கைக்குப் போனது, 2018 ஆகஸ்டு 14-ஆம் தேதியோடு ஈபே.இன் மூடப்பட்டது. இப்போது இங்கிருந்து விற்க வேண்டுமென்றால் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் விற்க வேண்டும். அதாவது முதல் பொருளிலிருந்தே நீங்கள் ஏற்றுமதியாளர். பலர் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டே பின்வாங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

நான் செய்தது இது. என் பான் அட்டையை வைத்து டிஜிஎஃப்டி என்ற வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் தளத்தில் ஐஇசி என்ற ஏற்றுமதி எண் வாங்கினேன். கட்டணம் 500 ரூபாய். வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை ஒன்று வேண்டும். மாற்றம் ஒன்றும் இல்லை என்றாலும் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்தத் தளத்தில் போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கிவிடும். ஜிஎஸ்டி பதிவும் எடுத்தேன். ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்ப எல்யூடி என்ற உறுதிப் பத்திரத்தை நிதியாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்கிறேன். இந்த இரண்டையும் ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டுச் செய்யுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. பணம் வந்து சேர்வது பேயோனீர் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக. அது டாலரை ரூபாயாக்கி வங்கியில் போட்டு, வந்ததற்குச் சான்றும் தருகிறது. அந்தச் சான்றைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள், பிறகு தேடினால் தலைவலி.

கணக்குத் திறந்ததும் நூறு லேபிளை ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். புதியவர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆரம்பத்தில் மாதம் பத்துப் பொருள், 500 டாலர் மதிப்பு. பணத்தையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துத்தான் விடுவார்கள். எனக்கு அது நல்லதாகவே முடிந்தது. பத்தே பொருள் என்பதால் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து எழுதப் பழகினேன். நன்றாக அனுப்பி, நல்ல பின்னூட்டம் வர வர வரம்பு உயர்ந்தது.

இனி ஏலம் எப்படி நடக்கிறது என்பது. இதைப் புரிந்துகொள்ளாமல் தொடங்கி, இரண்டு நாளில் நெஞ்சு படபடத்து விட்டுவிட்டவர்களைத் தெரியும். ஊர்க் கோயிலில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவது போல ஆள் மாற்றி ஆள் கத்துவது இங்கே இல்லை. வாங்க வருகிறவர் தான் கொடுக்கத் தயாரான அதிகபட்ச விலையை ரகசியமாக எழுதிவிடுகிறார். அடுத்தவரை முந்துவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் தளம் அவருக்காக ஏற்றும். ஏற்றும் படியும் விலையைப் பொறுத்தது: ஒரு டாலரிலிருந்து ஐந்து வரை 25 செண்ட், இருபத்தைந்து வரை 50 செண்ட், அதற்கு மேல் நூறு வரை ஒரு டாலர்.

கத்திரிக்கோல் படம் போட்ட ஒரு லேபிள். இரண்டே நிறம், கீழே சாத்தூர் என்று ஊர்ப்பெயர். ஆல்பத்திலேயே அழகில்லாத லேபிள் என்றுகூடச் சொல்வேன். 99 செண்டில் தொடங்கினேன். ஆறு நாள் 2.25 டாலரில் கிடந்தது. ஏழாம் நாள் கடைசி ஒரு நிமிடத்தில் இரண்டு பேர் மோதினார்கள். 41 டாலரில் முடிந்தது. அதாவது தோற்றவர் 40 வரை எழுதியிருக்கிறார். ஜெயித்தவர் எவ்வளவு எழுதியிருந்தார் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வாங்கியவர் இங்கிலாந்துக்காரர். அவர் தையற்காரர் குடும்பமாம், கத்திரிக்கோல் படம் உள்ள லேபிள்களை மட்டுமே சேர்க்கிறாராம். அதே வாரம் நான் ஆசையாக எடுத்துப் போட்ட, ஐந்து நிறத்தில் தங்கப்பொடி தூவிய லட்சுமி லேபிள் மூன்று டாலருக்குத்தான் போனது. லட்சுமி படம் ஏராளமான ஆலைகள் அடித்தது, சேர்ப்பவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கத்திரிக்கோல் இல்லை. இதை என்னால் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமா? அப்பாவே இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஈபேயின் ஆரம்பக் கதையும் இதுதான். பியர் ஒமிடியார் 1995-இல் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினார்கள், அதைச் சேர்ப்பவர் ஒருவர் இருந்தார். உலகத்தில் எங்கோ இருக்கிற அந்த ஒருவரையும் அவரோடு போட்டி போட இன்னொருவரையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இந்தத் தளத்தின் உண்மையான சேவை. கமிஷன் கொடுப்பது அதற்காகத்தான். இரண்டாவது ஆள் இல்லையென்றால் ஏலத்தால் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது ஆள் வராத கதையையும் சொல்கிறேன். தொடக்க விலையை 99 செண்ட் வைத்தால் கூட்டம் வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். வரும், ஆனால் எல்லாப் பொருளுக்கும் வராது. முதல் மூன்று மாதத்தில் பதினான்கு லேபிள் அதே 99 செண்டுக்குப் போயின. கணக்கைப் பாருங்கள். 99 செண்டும் அஞ்சலுக்கு வாங்குகிற 5 டாலரும் சேர்த்து 5.99. கமிஷனைப் பொருள் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அஞ்சல் பணத்தையும் சேர்த்துத்தான் போடுவார்கள். ஈபே கமிஷன், பணம் மாற்றுகிற செலவு எல்லாம் சேர்த்து என் நோட்டில் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டு போகிறது. டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் கைக்கு வருவது சுமார் 420. அஞ்சல், அட்டை, உறை, ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு 450 ஆகிறது. முப்பது ரூபாய் நஷ்டம், லேபிளும் போச்சு, ஒன்றரை மணி நேர வேலையும் போச்சு. அதே லேபிள் 12 டாலருக்குப் போனால் 17 டாலரில் மூன்று போக 14, அதாவது 1,190 ரூபாய். செலவு போக 740 நிற்கிறது.

அதனால் இப்போது இரண்டு மாதிரி வைத்திருக்கிறேன். என்னிடம் ஒரே பிரதி இருக்கிற, எங்கும் பார்க்காத லேபிளை 99 செண்டில் துணிந்து தொடங்குகிறேன். கட்டுக்கட்டாக இருப்பவற்றை இருபது, முப்பது வெவ்வேறு லேபிள் சேர்த்து ஒரு பொதியாக 9.99 டாலரில் தொடங்குகிறேன். பொதிக்கு அஞ்சல் செலவு ஒரு லேபிளுக்கு ஆவதுபோலத்தான். புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பொதியை விரும்பி வாங்குகிறார்கள். என் வருமானத்தில் பாதிக்கு மேல் பொதிகளிலிருந்துதான் வருகிறது. கத்திரிக்கோல் போன்ற கதை வருடத்துக்கு நான்கைந்துதான்.

குறைந்தபட்ச விலையை மறைத்து வைக்கும் ரிசர்வ் வசதியும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், அதைப் பார்த்ததும் வாங்க வருகிறவர்களும் ஒதுங்குகிறார்கள். இரண்டு முறை வைத்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஏலம் முடிகிற நேரம் முக்கியம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, பத்து நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். நான் ஏழு நாள் வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற மாதிரி. கோடையில் லண்டனில் ஞாயிறு மாலை 7 மணி என்றால் நியூயார்க்கில் பகல் 2, நமக்கு இரவு 11:30. குளிர்காலத்தில் நமக்கு 12:30 ஆகிவிடும். முடிகிற அந்தக் கால் மணி நேரம் விழித்திருப்பேன். யாராவது கடைசி நேரத்தில் கேள்வி கேட்பார்கள், பதில் சொன்னால் விலை ஏறும்.

ஒரு ஞாயிறு இரவு அண்ணன் மகன் பக்கத்தில் இருந்தான். நல்ல லேபிள் ஒன்று நான்கு டாலரில் நின்றது. "அத்தை, நான் என் கணக்குல இருந்து ஒரு விலை கேக்கட்டுமா, ஏத்திவிடலாம்" என்றான். பிள்ளை பாசத்தில் கேட்டான். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர், நண்பர் யாரும் ஏலத்தில் ஏற்றிவிடக் கூடாது என்பது தளத்தின் விதி, கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கலாம். விதி இல்லையென்றாலும் செய்ய மாட்டேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் படத்தைப் பார்த்து, என் வார்த்தையை நம்பிக் காசை வைக்கிறார். அந்த லேபிள் நான்கே டாலருக்குப் போனது, போகட்டும்.

விவரம் எழுதுவதில்தான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி இருக்கிறது. தலைப்புக்கு 80 எழுத்து. அதில் 'அழகான', 'அரிய' என்றெல்லாம் எழுதுவது வீண், அந்தச் சொல்லை யாரும் தேடுவதில்லை. இந்தியா, சிவகாசி, தீப்பெட்டி லேபிள், படத்தில் என்ன இருக்கிறது, ஏறத்தாழ எந்தப் பத்தாண்டு, இவை போதும். படம் போனில் எடுக்காதீர்கள். நான் பழைய ஸ்கேனர் ஒன்றில் 600 டிபிஐயில் எடுக்கிறேன். பக்கத்தில் ஒரு ஸ்கேல். பின்பக்கத்தையும் கட்டாயம் காட்ட வேண்டும், ஏனென்றால் சேர்ப்பவர்களுக்கு ஒட்டாத லேபிள் வேறு, பெட்டியிலிருந்து உரித்த லேபிள் வேறு, ஆல்பத்திலிருந்து எடுத்தது வேறு. விலையும் வேறு.

காலம் சொல்வதற்கு அப்பாவிடம் கற்றதுதான் கைகொடுக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், பின்னால் வந்த ஆஃப்செட் இயந்திர அச்சில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். கல்லில் கையால் வரைந்த லித்தோவில் அப்படி ஒழுங்கு இருக்காது, நிறம் திட்டாகவோ கிரேயான் பொரிப்பொரியாகவோ இருக்கும். புற ஊதா டார்ச் ஒன்று முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். 1950 வாக்கில்தான் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ப்பது பரவியது. அந்த வெளிச்சத்தில் தாள் நீலமாக ஒளிர்ந்தால் அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது இல்லை. ஒளிராவிட்டால் பழையது என்று அர்த்தமும் இல்லை, எங்கள் ஊர் மலிவுத் தாள்கள் பல ஒளிர்வதே இல்லை. பெட்டியோடு கிடைத்தால் வரி கட்டியதற்கு அடையாளமாக அதன்மேல் ஒட்டிய தீர்வைப் பட்டையைப் பாருங்கள். தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி 1934-இல் வந்தது. விலையில் நயா பைசா (ரூபாயை நூறு காசாக்கிய புதிதில் வழங்கிய பெயர்) என்று இருந்தால் 1957 ஏப்ரலிலிருந்து 1964 ஜூன் வரை.

அந்த நயா பைசாவில்தான் நான் ஒரு முறை சறுக்கினேன். வடநாட்டுச் சந்தைக்கு அடித்த லேபிள், எழுத்தெல்லாம் தேவநாகரி. எனக்கு ஹிந்தி படிக்க வராது. பாணியைப் பார்த்து 1940-கள் என்று எழுதிவிட்டேன். 22 டாலருக்கு எடுத்தவர், மூலையில் பொடி எழுத்தில் நயா பைசா விலை இருக்கிறது என்று மரியாதையாக எழுதினார். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுப் பாதிப் பணத்தைத் திருப்பினேன். அவர் இன்றுவரை என்னிடம் வாங்குகிறார். இப்போது ஹிந்தி எழுத்து உள்ளதையெல்லாம் எதிர்வீட்டு டீச்சரிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், யாரும் என்னைப் போல இழக்கக் கூடாது. ஆல்பத்தில் அப்பா மைதா பசையால் ஒட்டியிருந்தார். தபால் தலையை நீரில் ஊறவைத்து எடுப்பது போலத்தானே என்று ஒரு முழுப் பக்கத்தைத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். சிவப்பு மை கரைந்து ஓடியது, தங்கப்பொடி மேலே மிதந்தது. பதினாறு லேபிள். எல்லாமே ஒற்றைப் பிரதி. அன்று இரவு சாப்பிடவில்லை. அதன் பிறகு எந்த லேபிளையும் பிரிப்பதில்லை. ஆல்பத் தாளோடு வெட்டி, 'தாளில் ஒட்டியபடி' என்று எழுதியே விற்கிறேன். விலை கொஞ்சம் குறையும், குறைந்துவிட்டுப் போகட்டும்.

எதை அனுப்பக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குச்சி உள்ள தீப்பெட்டி விமான அஞ்சலில் போகவே கூடாது, அபாயகரமான பொருள். காலிப் பெட்டி, லேபிள் மட்டும்தான். சுங்கப் படிவத்திலும் 'தீப்பெட்டி' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'அச்சிட்ட பழைய காகித லேபிள், சேகரிப்புக்கு' என்று எழுதுங்கள், அதுதான் உண்மையும்கூட. காகித லேபிளுக்கான சுங்கக் குறியீட்டு எண் 4821-இல் தொடங்கும். அப்புறம் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம். நூறு வருடம் கடந்த கலைப்பொருள், நாணயம் போன்றவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இதைப் படிக்கிறவர்களில் பழைய நாணயம் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் இருப்பீர்கள், தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சிவகாசி லேபிள்கள் பெரும்பாலும் நூறைத் தொடவில்லை என்பதால் எனக்குச் சிக்கல் குறைவு. ஆனால் ஒரு ஆல்பத்தில் பதினொரு ஜப்பான் லேபிள் இருக்கிறது. இங்கே ஆலை வருவதற்கு முன்னால் ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும்தான் தீப்பெட்டி வந்துகொண்டிருந்தது. அவற்றின் வயதில் எனக்குச் சந்தேகம் இருப்பதால் தனியே எடுத்து வைத்துவிட்டேன், விற்பதில்லை.

பொதி கட்டுவதில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடங்களில் மிச்ச அட்டை கிலோ கணக்கில் கிடைக்கும். நல்ல கனம், வளையாது. லேபிளைத் தபால் தலைக்காரர்கள் பயன்படுத்துகிற வழுவழுப்பான கண்ணாடித்தாள் உறையில் போட்டு, இரண்டு பத்திரிகை அட்டைக்கு நடுவே வைத்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டுவேன். மழைக்காலத்தில் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. இதுவரை மடங்கியது என்று ஒரு புகாரும் வரவில்லை.

அனுப்புவது அஞ்சல் வழியாகத்தான். டாக் கர் நிர்யாத் கேந்திரா, அதாவது அஞ்சலக ஏற்றுமதி மையம் என்று அஞ்சல் துறை 2022-இன் கடைசியில் ஒரு வசதி கொண்டுவந்தது. ஏற்றுமதிப் படிவத்தை வீட்டிலேயே கணினியில் நிரப்பி, முகவரிச் சீட்டை அச்சிட்டு ஒட்டி, நிலையத்தில் கொடுத்தால் போதும். சர்வதேச டிராக்டு பாக்கெட் என்கிற சேவை என் மாதிரி இலேசான பொருளுக்குப் பொருத்தம், ஸ்பீடு போஸ்டைவிடச் செலவு குறைவு. எல்லா நாட்டுக்கும் கிடையாது, பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுங்கச் சோதனைக்காகப் பொதி நடுவில் சில நாள் நிற்கும். வாங்கியவர் பதறாமல் இருக்க இதை அனுப்பிய அன்றே அவருக்கு எழுதிவிடுகிறேன்.

டிராக்கிங் இல்லாத சாதாரணத் தபாலில் ஒரு தடவை அனுப்பினேன், காசு மிச்சம் என்று. 28 டாலர் லேபிள். வரவில்லை என்றார் வாங்கியவர். வரவேண்டிய தேதிக்குப் பிறகு 30 நாள் வரை அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, போய்ச் சேர்ந்ததற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை. முழுப் பணமும் திரும்பக் கொடுத்தேன். அவர் பொய் சொன்னாரா, தபால் தொலைந்ததா, தெரியாது. தெரியாத நிலையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்றால் டிராக்கிங் எண் இல்லாமல் எதையும் அனுப்பக் கூடாது.

ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாதவர்களும் உண்டு. எனக்கு ஏழு பேர். நான்கு நாள் பார்த்துவிட்டு ரத்து செய்யலாம். அதற்கு அடுத்த விலை கேட்டவருக்கு அவர் கேட்ட விலையிலேயே 'இரண்டாம் வாய்ப்பு' கொடுக்கும் வசதி இருக்கிறது. ஏழில் நான்கு அப்படி விற்றது. மிக உபயோகமான வசதி, பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

அமெரிக்கா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னிடம் வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான். 800 டாலர் வரை வரியில்லாமல் உள்ளே விடுகிற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்டு 29 முதல் எல்லா நாட்டுக்கும் எடுத்துவிட்டது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்று தெளிவில்லாததால் நம் அஞ்சல் துறையும் ஆகஸ்டு 25 முதல் அங்கே பொதி எடுப்பதை நிறுத்தியது. அக்டோபர் 15-இல், வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டுகிற முறையில் திரும்பத் தொடங்கினார்கள். அப்போது என்னிடம் ஏலம் முடிந்து அனுப்ப வேண்டிய பொதி ஆறு இருந்தது. ஆறு பேருக்கும் நிலைமையை எழுதினேன். நான்கு பேர் காத்திருக்கிறோம் என்றார்கள், இரண்டு பேருக்குப் பணத்தைத் திருப்பினேன். பன்னிரண்டு டாலர் லேபிளுக்கு மேலே வரியும் சேர்ந்தால் வாங்குகிறவர் யோசிக்கத்தானே செய்வார். இன்று தொடங்குகிறவர்கள் அமெரிக்காவை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பரவலாக அனுப்பும்படி அஞ்சல் கட்டணத்தை அமைத்துவிடுங்கள்.

யாருக்கு இது ஒத்துவரும்? தட்டையான, இலேசான, உடையாத, நூறு வருடத்துக்குள்ளான, கடையில் கிடைக்காத பொருள் கையில் இருப்பவர்களுக்கு. பழைய பட்டாசு லேபிள், சினிமா பாட்டுப் புத்தகம், பஸ் டிக்கெட், முதல்நாள் அஞ்சல் உறை. காரைக்குடிப் பக்கம் எனாமல் பாத்திரம் வைத்திருக்கிற தங்கை ஒருத்தி கேட்டாள். அழகான சாமான்தான், ஆனால் எடையும் பொதி கட்டும் செலவும் விலையைத் தின்றுவிடும், சில்லு பெயர்ந்தால் பணமும் திரும்பப் போகும். வேண்டாம் என்றே சொன்னேன். மொத்தக் கடையில் புதுச் சாமான் வாங்கி ஏலத்தில் விற்கலாம் என்பவர்களுக்கும் வேண்டாம். அதற்கு விலை எல்லாருக்கும் தெரியும், இரண்டாவது ஆள் மோத வரமாட்டார்.

மாதத்துக்கு எனக்கு நிற்பது சராசரி ஒன்பதாயிரம் ரூபாய். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேர வேலைக்கு. அமெரிக்கா நின்ற இரண்டு மாதம் மூவாயிரத்துக்குக் கீழே போனது. தளத்துக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது அஞ்சல் பணத்தின் மேலும் கமிஷன் போடுவதற்காக. சிறு பொருள் விற்கிறவர்களுக்கு அது பெரிய சுமை.

ஒன்பது ஆல்பத்தில் நான்கு முடிந்திருக்கிறது. ஐந்தாவதை நேற்றுத்தான் பிரித்தேன், முதல் பக்கத்திலேயே ஆறு சைக்கிள் லேபிள், ஆறும் வெவ்வேறு ஆலை. தனித்தனியாகப் போடுவதா, ஒரு பொதியாகப் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சைக்கிள் படம் சேர்ப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க, முதலில் ஒன்றை மட்டும் இந்த ஞாயிறு முடிகிற மாதிரி ஏற்றியிருக்கிறேன்.